கூரைச் சூரிய மின்சாரமும் ஊர் மின்வழியின் வோல்ற்றளவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீட்டுக் கூரைகளிலும் அரிசி ஆலைகளின் தகரக் கூரைகளிலும் சூரியத் தகடுகள் பெருகிவிட்டன. 2016ஆம் ஆண்டு அரசாங்கம் ‘சூரியபல சங்கிராமய’ திட்டத்தைத் தொடங்கிய நாட்களில் எல்லோரும் கேட்டது, மாதப் பட்டியல் எவ்வளவு குறையும் என்பதைத்தான். இப்போது கேட்கப்படுபவை வேறு. தகடுகளின் மின்சாரத்தை வீட்டுக்கும் தெருவுக்கும் ஏற்றதாக மாற்றும் இன்வேட்டர் நல்ல வெயில் நேரத்தில் ஏன் நின்றுவிடுகிறது? பகலில் 250 காட்டும் மானி இரவில் 205 காட்டுவது ஏன்? பக்கத்து வீட்டுக்காரரின் சோலாரால் எங்கள் குளிர்சாதனப் பெட்டி பழுதாகுமா? களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் மின்னிணைப்பு வேலை செய்துவரும் எனக்கு இவை நாள்தோறும் வரும் கேள்விகள். அவற்றுக்கு இயன்றவரை முழுமையாக விடை எழுதுவதே இங்கு நோக்கம். பேச்சில் நாம் ‘வோல்டேஜ்’ என்பதைப் பாடநூல் வழக்கில் வோல்ற்றளவு என்றும், ‘ட்ரான்ஸ்போமர்’ என்பதை நிலைமாற்றி என்றும், ‘பேஸ்’ என்பதை, அதாவது தெருவில் செல்லும் மூன்று உயிர்க்கம்பிகளில் ஒன்றை, கட்டம் என்றும் எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வோல்ற்றளவு எவ்வளவு இருக்க வேண்டும்?

இலங்கையில் ஒரு கட்ட இணைப்புக்கு 230 வோல்ற்று, மூன்று கட்ட இணைப்புக்கு 400 வோல்ற்று என்பதே நிர்ணயிக்கப்பட்ட அளவு. இதிலிருந்து 6 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆகவே ஒரு கட்ட வீட்டின் மின்மானியடியில் 216 வோல்ற்றுக்கும் 244 வோல்ற்றுக்கும் இடைப்பட்ட எந்த அளவும் சரியானதே. 238 காட்டுகிறது என்று பதறுபவர்கள் உண்டு. அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் 250 வோல்ற்று நாள்தோறும் பல மணி நேரம் நீடித்தால் அது முறைப்பாடு செய்ய வேண்டிய நிலை. மின்னழுத்தி, வெந்நீர்க் கேத்தல் போன்ற சூடாக்கும் பொருட்கள் எடுக்கும் வலு வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 230இலிருந்து 244க்கு உயரும்போதே அவை எட்டில் ஒரு பங்கு அதிக வலுவை எடுக்கத் தொடங்குகின்றன. மோட்டார்களிலும் நிலைமாற்றியுள்ள பழைய கருவிகளிலும் அதிக வோல்ற்றளவு இரும்புக் கருவைச் சூடாக்குகிறது. குறைந்த வோல்ற்றளவும் நல்லதல்ல, ஏனென்றால் குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசர் சுழலத் தொடங்க முடியாமல் முனகிக்கொண்டு நின்றே சூடேறிவிடும்.

வெயில் ஏறும்போது வோல்ற்றளவும் ஏறுவது ஏன்?

நமது வயல் வாய்க்காலை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். குளத்திலிருந்து வரும் நீர், தலைமதகுக்கு அருகிலுள்ள வயல்களுக்கு உயரமான மட்டத்தில் கிடைக்கிறது. போகப் போக மட்டம் தாழ்ந்து, கடைசி வயலுக்குப் போதாமலும் போகிறது. மின்வழியும் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் இருந்தது. நிலைமாற்றிக்கு அருகில் உள்ள வீட்டில் 235, கடைசித் தூணில் 215. கடைசி வீட்டுக்கும் போதுமானதாக இருக்கட்டும் என்பதற்காகவே நிலைமாற்றியில் வோல்ற்றளவைச் சற்று உயர்த்தி வைப்பது வழக்கமாயிற்று.

இப்போது கடைசி வயலில் இருப்பவர் நண்பகலில் வாய்க்காலுக்குள்ளேயே நீரை இறைத்து விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீர் குளத்தை நோக்கித் திரும்பி ஓட வேண்டுமென்றால் அவருடைய இடத்தில் மட்டம் உயர்ந்தே ஆக வேண்டும். மின்சாரத்திலும் அதேதான் நடக்கிறது: இன்வேட்டர் தன் மின்னோட்டத்தை நிலைமாற்றியை நோக்கித் தள்ளுவதற்கு, கம்பியின் தடையை வெல்லும் அளவுக்குத் தன் முனையில் வோல்ற்றளவை உயர்த்துகிறது.

கணக்காகப் பார்ப்போம். நமது ஊர்த் தெருக்களில் செல்லும் 60 சதுர மில்லிமீற்றர் அளவான அலுமினியக் கம்பியின் தடை கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.45 ஓம். நிலைமாற்றியிலிருந்து 500 மீற்றர் தொலைவிலுள்ள வீடு ஒரு கட்டத்தில் 5 கிலோவாற்றை வெளியே அனுப்பினால், ஏறக்குறைய 22 அம்பியர் மின்னோட்டம் உயிர்க்கம்பியில் 500 மீற்றரும் நொதுமல் கம்பியில், அதாவது நியூட்ரலில், 500 மீற்றரும் சென்று திரும்புகிறது. மொத்தத் தடை 0.45 ஓம், உயர்வு 10 வோல்ற்று. தூணிலிருந்து வீட்டுக்கு வரும் மெல்லிய இணைப்புக் கம்பி, அது 30 மீற்றராக இருந்தால், மேலும் 2 அல்லது 3 வோல்ற்றைச் சேர்க்கும். அதே கட்டத்தில் அதே தூணில் இப்படி இன்னொரு வீடும் இருந்தால் தெருக்கம்பியில் மட்டும் உயர்வு 20 வோல்ற்றாகிவிடும். நிலைமாற்றியில் 236 இருக்கும்போது கடைசித் தூணில் 256 இருப்பதற்கு வேறு எந்தக் கோளாறும் தேவையில்லை.

எனவே இன்வேட்டர் கெட்டுவிட்டதா, தகடு தரமற்றதா என்று தேடுவதற்கு முன்னால், நிலைமாற்றி எத்தனை தூண் தள்ளி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் நிலைமாற்றியில் வோல்ற்றளவைக் குறைத்துவிட்டால் போதாதா?

பகலுக்குப் போதும், இரவுக்குப் போதாது. இந்தப் பிரச்சினையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

ஊர் நிலைமாற்றிகளில் ‘டெப்’ எனப்படும் படிகள் உண்டு. ஒவ்வொரு படியும் 2.5 சதவீதம், அதாவது நமக்கு ஏறத்தாழ 6 வோல்ற்று. ஆனால் இந்தப் படிகளை மின்சாரத்தை நிறுத்திவிட்டே மாற்ற முடியும். ஊழியர் ஒருவர் வந்து ஒருமுறை வைத்துவிட்டுப் போனால் அது மாதக்கணக்காக, சில இடங்களில் ஆண்டுக்கணக்காக அப்படியே இருக்கும். நண்பகல் உயர்வைக் கருதி ஒரு படி இறக்கினால், மாலை 6.30இலிருந்து இரவு 10.30 வரை எல்லா வீடுகளிலும் விளக்கும் மின்விசிறியும் குளிரூட்டியும் ஓடும் நேரத்தில் கடைசி வீட்டில் 210க்குக் கீழே போய்விடும். இரவைக் கருதி உயர்த்தினால் நண்பகலில் 250ஐத் தாண்டும்.

முன்பு ஒரு மின்வழியில் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் ஒரே பக்கமாக, நிலைமாற்றி அளவிலிருந்து கீழ்நோக்கியே இருந்தது. இப்போது அதே கம்பியில் பகலில் மேல்நோக்கியும் இரவில் கீழ்நோக்கியும் வேறுபாடு உண்டாகிறது. 216க்கும் 244க்கும் இடையில் இருப்பது 28 வோல்ற்று இடைவெளி மட்டுமே. அந்த இடைவெளிக்குள் இரண்டையும் அடக்க வேண்டுமென்றால், படி மாற்றுவதோடு நில்லாமல் கம்பியின் தடையையே குறைக்க வேண்டும்: கம்பியைத் தடிப்பாக்கலாம், அல்லது நிலைமாற்றியை அருகில் கொண்டுவரலாம். நீண்டு கிடக்கும் ஒரு தாழ் வோல்ற்றளவு மின்வழியை இரண்டாக வெட்டி நடுவே புதிய நிலைமாற்றியை நிறுத்தினால், தூரம் பாதியாகும். ஒவ்வொரு பகுதியிலும் வீடுகளும் பாதியாகும். பகல் உயர்வும் இரவுத் தாழ்வும் ஒன்றாகக் குறையும். வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை போன்ற படுவான்கரைப் பகுதிகளில் வீடுகள் வயலோரமாகச் சிதறி இருப்பதால் கம்பி நீள்கிறது. இத்தகைய ஊர்களுக்கு இதுவே முதன்மையான மருந்து என்பது என் துணிபு. செலவு அதிகம்தான். எனினும் இரு பக்க நோயையும் இது ஒரே வேலையில் தீர்க்கிறது.

சுமையோடு இருக்கும்போதே தானாகப் படி மாற்றும் ஊர் நிலைமாற்றிகள் ஜேர்மனி போன்ற நாடுகளில் பயன்பாட்டில் உள்ளன. நம்மிடம் அத்தகைய தானியங்கிப் படிமாற்றி, 132,000 வோல்ற்றை 33,000 வோல்ற்றாக இறக்கும் பெரிய உபநிலையங்களில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் சோலார் இல்லை. பக்கத்து வீட்டு உற்பத்தியால் எங்களுக்கு என்ன ஆகும்?

அவரும் நீங்களும் ஒரே கட்டத்தில் இருந்தால், அவருடைய தூணடியில் ஏற்படும் உயர்வு உங்களுக்கும் உண்டு. வேறு கட்டத்தில் இருந்தால், பலர் நம்ப மறுக்கும் ஒன்று நடக்கிறது: உங்கள் வோல்ற்றளவு சற்றுக் குறைகிறது. மேலே சொன்ன கணக்கில் அவருக்கு 10 வோல்ற்று கூடும்போது, மற்ற இரு கட்டங்களில் உள்ளவர்களுக்கு ஏறத்தாழ 2.5 வோல்ற்று குறையும். அவருடைய மின்னோட்டம் பொதுவான நொதுமல் கம்பியில் செல்வதால், அந்தக் கம்பி நிலத்தோடு ஒப்பிடத் தன் இடத்திலிருந்து விலகிவிடுகிறது. அந்த விலகலில் பாதியளவு மற்றவர்களின் வோல்ற்றளவிலிருந்து கழிகிறது. ஒரே தூணிலிருந்து இணைப்புப் பெற்ற இரண்டு வீட்டாரில் ஒருவர் கூடுகிறது என்றும் மற்றவர் குறைகிறது என்றும் சொல்லி வாக்குவாதப்படும்போது, இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

இதற்காக அயலவர் மீது கோபப்படுவதில் பொருளில்லை. வாய்க்கால் பொதுவானது. வட்டவிதானை ஒருவர் நீரை முறைவைத்துப் பங்கிடுவது போல மின்வழியையும் ஒருவர் மேற்பார்வை செய்து சமப்படுத்த வேண்டும். அது விநியோக நிறுவனத்தின் கடமை.

ஒரு கட்ட இன்வேட்டர் நல்லதா, மூன்று கட்ட இன்வேட்டர் நல்லதா?

வோல்ற்றளவைப் பொறுத்தவரை மூன்று கட்டமே நல்லது, அதுவும் சிறிய அளவில் அல்ல. மூன்று கட்டங்களிலும் சமமாக மின்னோட்டம் சென்றால் நொதுமல் கம்பியில் அவை ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. திரும்பும் வழியில் தடையே இல்லாதது போலாகிறது. முன்பு 5 கிலோவாற்று ஒரு கட்டத்தில் 10 வோல்ற்று உயர்த்தியது அல்லவா? அதே இடத்தில் மூன்று கட்டங்களிலும் சேர்த்து 15 கிலோவாற்று அனுப்பினாலும் ஒவ்வொரு கட்டத்திலும் உயர்வு 5 வோல்ற்று மட்டுமே. மூன்று மடங்கு உற்பத்திக்குப் பாதி உயர்வு.

எல்லோரும் மூன்று கட்ட இணைப்புக்கு மாற முடியாது. ஆயினும் ஒரு தெருவில் ஒரு கட்ட சோலார் வீடுகள் ஆறு இருந்தால், அவற்றைக் கட்டத்துக்கு இரண்டாகப் பிரித்து இணைத்தாலே பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். இதற்குப் புதிய கம்பி வேண்டாம், புதிய நிலைமாற்றி வேண்டாம். தூணில் ஏறி இணைப்பை ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒரு நாள் வேலை போதும். நான் பார்த்த இடங்களில், ஒரு தெருவின் சோலார் வீடுகள் பெரும்பாலும் ஒரே கட்டத்தில் குவிந்திருப்பது அரிதல்ல. ஊழியர் கைக்கு எட்டிய கம்பியில் இணைத்துவிட்டுப் போனதே காரணம். இவ்வளவு மலிவான பரிகாரம் இவ்வளவு அரிதாகச் செய்யப்படுவது எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது.

சமமின்மை மூன்று கட்ட மோட்டார்களையும் வருத்தும். சம்மாந்துறையிலோ செங்கலடியிலோ உள்ள அரிசி ஆலையின் மோட்டாருக்கு வோல்ற்றளவில் 2 சதவீதச் சமமின்மை இருந்தால், அதன் மின்னோட்டத்தில் அதைப்போல 6 முதல் 10 மடங்கு சமமின்மை உண்டாகலாம். அதனால் ஏதோ ஒரு சுருள் மட்டும் கருகும்.

நண்பகலில் இன்வேட்டர் நின்று நின்று ஓடுகிறது. உச்ச எல்லையை உயர்த்திவிடலாம் என்று பொருத்துநர் சொல்கிறார். செய்யலாமா?

செய்யக் கூடாது. இன்வேட்டர் ஒவ்வொன்றும் தன் முனைகளில் உள்ள வோல்ற்றளவை அளந்துகொண்டே இருக்கிறது. அது நிர்ணயித்த உச்சத்தைத் தாண்டினால் வலையமைப்பிலிருந்து விலகி, சில நிமிடங்கள் காத்திருந்து, சரியாக இருந்தால் மீண்டும் இணைகிறது. அது விலகியதும் வோல்ற்றளவு இறங்குகிறது. இணைந்ததும் மறுபடி ஏறுகிறது. இந்தச் சுழற்சியில் 11 மணியிலிருந்து 2 மணி வரையிலான சிறந்த வெயில் வீணாகிறது. உரிமையாளரின் எரிச்சல் நியாயமானதே.

ஆனால் அந்த எல்லை உங்களுடைய பாதுகாப்புக்காக மட்டும் வைக்கப்பட்டதல்ல. அதை உயர்த்தினால் உங்கள் இன்வேட்டர் நிற்காமல் ஓடும். 258 அல்லது 260 வோல்ற்றை உங்கள் வீட்டுப் பொருட்களும் அதே கட்டத்தில் உள்ள அயலவர்களின் பொருட்களும் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். பழுதான பொருளுக்கு அப்போது யார் பொறுப்பு? விநியோக நிறுவனம் அங்கீகரித்த அமைப்பை அனுமதியின்றி மாற்றுவது இணைப்பு உடன்படிக்கைக்கும் மாறானது. என் நெருங்கிய உறவினர் ஒருவரின் வீட்டில் இப்படி எல்லை உயர்த்தப்பட்டிருந்ததை, இரண்டு எல்ஈடி விளக்குகளும் ஒரு தொலைக்காட்சியும் அடுத்தடுத்துப் போன பிறகுதான் அறிந்தோம்.

முதலில் வீட்டுக்குள் பார்க்க வேண்டியது, இன்வேட்டரிலிருந்து மின்மானி வரையிலான கம்பி. அது மெல்லியதாகவும் நீண்டதாகவும் இருந்தால் 4, 5 வோல்ற்று உயர்வு அங்கேயே உண்டாகிறது. தடித்த கம்பியை இட்டு, முனைகளை இறுக்கிவிட்டால் அந்த உயர்வு போய்விடும். மானியடியில் 243, இன்வேட்டரில் 249 என்று இருந்த சில வீடுகள் இதனாலேயே சீராகின.

இன்வேட்டரே வோல்ற்றளவைக் கட்டுப்படுத்தும் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவுக்கு உண்மை. மாறுதிசை மின்சாரத்தில், வேலை செய்யும் வலுவோடு எதிர்வினை வலு என்ற ஒன்றும் உண்டு. அது மோட்டார் போன்றவற்றில் காந்தப்புலத்தை உருவாக்கவும் கலைக்கவும் கம்பியில் அங்குமிங்கும் சென்றுவருவது. பட்டியலில் யூனிட்டாகச் சேராது. இன்வேட்டர் வலுவை வெளியே அனுப்பிக்கொண்டே எதிர்வினை வலுவை உள்ளே இழுத்தால், கம்பியில் ஏற்படும் உயர்வில் ஒரு பகுதி நீங்கும்.

எவ்வளவு நீங்கும் என்பது கம்பியைப் பொறுத்தது. தூண்களில் இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட வெறுங்கம்பிகளில், இன்வேட்டரை 0.95 வலுக்காரணியில், அதாவது மொத்த வலுவில் வேலை செய்யும் வலுவின் விகிதம் 0.95 ஆக இருக்கும்படி, வைத்தால் 10 வோல்ற்று உயர்வு ஏறத்தாழ 8 ஆகலாம். இப்போது பல தெருக்களில் போடப்படும், காவலிட்டு முறுக்கிய கட்டுக்கம்பியில் 10 என்பது 9.3 ஆவதோடு சரி. ஏனென்றால் கம்பிகள் ஒன்றையொன்று ஒட்டிச் செல்வதால் அதன் தூண்டல் குணம், அதாவது மாறும் மின்னோட்டத்தைக் காந்தப்புலத்தால் எதிர்க்கும் இயல்பு, மிகக் குறைவு, தடையே மேலோங்கி நிற்கிறது. அதற்கு விலையும் உண்டு: மின்னோட்டம் 5 சதவீதம் கூடுவதால் கம்பியில் இழப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடும். வெளிநாட்டு நூல்களில் இதைப் பெரிய தீர்வாகப் படித்துவிட்டு வருபவர்களிடம், முதலில் நம் தெருவில் எந்தக் கம்பி தொங்குகிறது என்று பாருங்கள் என்றே சொல்வேன்.

இன்னொரு முறையில், வோல்ற்றளவு உயர உயர இன்வேட்டர் தன் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். அவுஸ்திரேலியாவின் 2020ஆம் ஆண்டு இன்வேட்டர் தரநிலை இந்த இரு முறைகளையும் எல்லாப் புதிய இன்வேட்டர்களிலும் கட்டாயமாக்கியது. முழுமையாக நின்றுபோவதைவிட 5 கிலோவாற்றை 3 ஆக்கிக்கொண்டு ஓடுவது எல்லோருக்கும் நல்லது. இதில் ஒரு நீதிக் கேள்வியும் இருக்கிறது: உயர்வு அதிகம் இருப்பது கடைசித் தூணில் என்பதால், குறைப்பும் எப்போதும் கடைசி வீட்டுக்காரருக்கே விழும். நிலைமாற்றிக்கு அருகில் உள்ளவர் முழு உற்பத்தியையும் விற்கிறார். வாய்க்காலின் கடைசி வயலில் நிற்பவருக்கு இது புதிய அனுபவம் அல்ல. எனினும் வலையமைப்பை வகுப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஜேர்மனியில் ஒரு தாழ் வோல்ற்றளவு வலையமைப்பில் உள்ள உற்பத்தி எல்லாம் சேர்ந்து ஏற்படுத்தும் உயர்வு 3 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது என்ற விதியை வைத்து, இணைப்புக் கொடுக்கும் முன்பே கணக்குப் பார்க்கிறார்கள்.

ஸ்டெபிலைசர் வாங்கினால் தீருமா?

குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி போன்ற தனிப்பொருளைக் காக்கும். தெருவின் வோல்ற்றளவையோ இன்வேட்டர் நிற்பதையோ மாற்றாது. இரவில் எல்லா வீடுகளிலும் ஸ்டெபிலைசர் ஓடினால், குறைந்த வோல்ற்றளவை உயர்த்திக் கொடுப்பதற்காக அவை கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். கடைசித் தூணில் நிலைமை இன்னும் தாழும்.

பகலில் மின்சாரத்தைப் பயன்படுத்தினால் அல்லது மின்கலத்தில் சேமித்தால் உதவுமா?

நன்றாக உதவும். கம்பியில் உயர்வை உண்டாக்குவது நீங்கள் உற்பத்தி செய்வதல்ல, செலவழித்தது போக வெளியே அனுப்புவதுதான். 1 குதிரைவலுக் கிணற்று மோட்டாரை மாலையில் போடாமல் 12 மணிக்குப் போட்டால், நம் உதாரணக் கம்பியில் ஒன்றரை வோல்ற்றுக்கு மேல் இறங்கும். சலவை இயந்திரம், மின்னழுத்தி, மின்சார முச்சக்கரவண்டி அல்லது ஸ்கூட்டரின் சார்ஜ் ஆகியவற்றையும் அந்நேரத்துக்கு மாற்றலாம். அலுவலகங்களும் கடைகளும் மூடியிருக்கும் ஞாயிறு நண்பகலில், காத்தான்குடி, கல்முனை போன்ற இடங்களில் வெள்ளி நண்பகலில், தெருவின் செலவு குறைவாக இருப்பதால் உயர்வு அதிகமாகத் தெரியும். பதிவு செய்து பார்ப்பவர்கள் இந்த நாட்களைத் தவறவிட வேண்டாம்.

மின்கலம் இரண்டு வேளையும் உதவுகிறது: நண்பகலில் உள்வாங்கி உயர்வைக் குறைக்கிறது, மாலையில் வெளிவிட்டுத் தாழ்வைத் தாங்குகிறது. ஆனால் பொருத்தும்போது நேரத்தைக் கவனிக்க வேண்டும். காலை 7 மணிக்கே சேமிக்கத் தொடங்கி 10.30க்குள் நிறைந்துவிடும் மின்கலம், உச்ச வெயில் வரும்போது எதையும் உள்வாங்காது. 10.30க்குப் பின்னரே சேமிக்கும்படி இன்வேட்டரில் நேரம் வைத்துக்கொள்ளலாம்.

ஆலைக்காரர்களுக்கு ஒரு சொல்: வலுக்காரணியைச் சீராக்கப் பொருத்திய கொள்ளளவிகள், அதாவது ‘கப்பாசிற்றர்கள்’, மோட்டார்கள் நின்ற பின்னும் இணைந்தே கிடந்தால், அவை நண்பகலில் வோல்ற்றளவை மேலும் உயர்த்தும். அவை தானாக விலகும்படி அமைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று 300 வோல்ற்று வந்து பொருட்கள் எரிந்தன. இதற்கும் சோலார்தான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. சூரிய உற்பத்தியால் வரும் உயர்வு வெயிலோடு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். உச்ச எல்லையைத் தாண்டினால் இன்வேட்டர் விலகியும் விடும். ஒரு நொடியில் சில வீடுகளில் விளக்கு கண்கூசும்படி எரிந்து, வேறு சில வீடுகளில் மங்கினால், நொதுமல் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது அல்லது இணைப்புத் தளர்ந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். அப்போது கட்டங்களுக்கு இடையிலான 400 வோல்ற்று, வீடுகளின் சுமைக்கு ஏற்பத் தாறுமாறாகப் பங்கிடப்படுகிறது. உடனே பிரதான சுவிட்சை நிறுத்திவிட்டு, அயலவர்களுக்கும் சொல்லி, விநியோக நிறுவனத்துக்கு அறிவியுங்கள். நம் கடற்கரையோரத்தில் உப்புக்காற்று அலுமினிய இணைப்புகளை அரிப்பதால் இந்த ஆபத்தை இலேசாக எண்ணக் கூடாது.

2025 சித்திரைப் புத்தாண்டில் கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார்களே, அதுவும் வோல்ற்றளவுப் பிரச்சினையா?

அது வேறு. அந்த விடுமுறைக் காலத்தில் பிற்பகல் 3 மணி வரை கூரைச் சூரிய மின் உற்பத்தியை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டதற்குக் காரணம், நாடு முழுவதற்கும் பொதுவான மீடிறன், அதாவது மாறுதிசை மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை சுற்று அலைகிறது என்ற எண். உற்பத்தியும் செலவும் கணத்துக்குக் கணம் சமமாக இருந்தால்தான் அது 50 ஹேர்ட்ஸில் நிற்கும். செலவு மிகக் குறைந்த விடுமுறைப் பகலில், சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாகவும் சூரிய மின்சாரம் அதிகமாகவும் இருந்தால், ஏதேனும் ஒரு கோளாறை வலையமைப்பு தாங்குவது கடினம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்ட நினைவு அப்போது எல்லோருக்கும் புதிதாக இருந்தது.

மீடிறன் மட்டக்களப்பிலும் மாத்தறையிலும் ஒன்றே. வோல்ற்றளவோ தெருவுக்குத் தெரு, தூணுக்குத் தூண் வேறுபடும்.

பெரிய மின்நிலையங்கள் 33,000 வோல்ற்று மின்வழியில் இணையும்போது என்ன நடக்கிறது?

அதே விதிதான், அளவு வேறு. பெரிய சூரிய மின்நிலையம் ஒன்று நீண்ட 33,000 வோல்ற்று மின்வழியின் நடுவில் இணைந்தால், அந்தப் பகுதியின் வோல்ற்றளவு முழுவதும் பகலில் உயரும்; அதன் கீழுள்ள ஒவ்வொரு ஊர் நிலைமாற்றியும் அந்த உயர்வை வீடுகளுக்குக் கொண்டுசெல்லும். ஆனால் இந்த உயர்ந்த மட்டக் கம்பிகளில் தூண்டல் குணம் அதிகம் என்பதால், எதிர்வினை வலுவைக் கொண்டு வோல்ற்றளவைத் திருத்துவது இங்கே நன்றாக வேலை செய்கிறது.

சேனாநாயக்க சமுத்திரத்தின் அணைக்கட்டடியில் உள்ள இங்கினியாகலை நீர்மின் நிலையம் போன்றவை இதில் தனித்தன்மை உடையவை. அங்கே சுழலும் மின்பிறப்பாக்கியின் காந்தப்புலத்தைக் கூட்டியோ குறைத்தோ எதிர்வினை வலுவை வேண்டியபடி கொடுக்கவும் வாங்கவும் இயலும். இன்றைய பெரிய இன்வேட்டர்களும் இதைச் செய்யக்கூடியவை. செய்யும்படி இணைப்பு நிபந்தனையில் கேட்க வேண்டும், கேட்டதைப் பரிசோதிக்கவும் வேண்டும்.

முறைப்பாடு செய்வதற்கு என்ன ஆதாரம் வேண்டும்?

எண்கள் வேண்டும். “வோல்டேஜ் கூடவாக இருக்கிறது” என்று வாயால் சொன்னால், ஊழியர் காலை 9 மணிக்கு வந்து 236 என்று அளந்துவிட்டுப் போவார்; அவர் மீதும் பிழையில்லை. ஒரு நல்ல மல்டிமீற்றரைக் கொண்டு ஒரு வாரத்துக்கு, காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை, இயன்றபோதெல்லாம் மணிக்கொரு தடவை அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். இன்வேட்டரின் கைபேசிச் செயலி 5 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்வதாக இருந்தால் அதையும் அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால் அது இன்வேட்டர் முனையின் அளவு, மானியடியின் அளவு அல்ல என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

அதோடு ஒரு சிறிய பரிசோதனையும் செய்யுங்கள். தெளிந்த வெயிலில், இன்வேட்டர் ஓடும்போது மானியடியில் அளவிட்டு, உடனே அதை நிறுத்தி மறுபடி அளவிடுங்கள். ஓடும்போது 245, நிறுத்தியதும் 236, அனுப்பிய மின்னோட்டம் 20 அம்பியர் என்றால், 9ஐ 20ஆல் வகுக்க 0.45 ஓம் வருகிறது. இது உங்கள் வீட்டுக்கும் நிலைமாற்றிக்கும் இடையிலான கம்பியின் தடை. நிலைமாற்றி 100 மீற்றரில் இருந்தும் இவ்வளவு வந்தால், எங்கோ இணைப்பு ஒன்று தளர்ந்து சூடாகிக்கொண்டிருக்கிறது. நிறுத்திய பின்னும் 248 என்றே காட்டினால் காரணம் நீங்கள் அல்ல. நிலைமாற்றியின் படி உயர்ந்திருக்கிறது அல்லது அயல் உற்பத்தி அதிகமாக இருக்கிறது. இந்த ஒரு பரிசோதனை அரை மணி நேர வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும்.

இவற்றை உங்கள் கணக்கிலக்கம், தூணிலோ நிலைமாற்றியிலோ எழுதப்பட்டுள்ள இலக்கம் ஆகியவற்றோடு எழுத்தில் பிரதேச மின் அலுவலகத்துக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தை வாங்குங்கள். கட்டங்களைச் சமப்படுத்தித் தரும்படி வெளிப்படையாகவே கேளுங்கள். அயலவர் நாலைந்து பேரின் அளவுகளையும் கட்டங்களையும் சேர்த்து ஒரே கடிதமாகக் கொடுப்பது இன்னும் சிறந்தது, ஏனென்றால் அதிலிருந்தே எந்தக் கட்டம் நிரம்பி வழிகிறது என்பது தெரிந்துவிடும். உரிய காலத்தில் விடை வராவிட்டால், 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தின் கீழ் இத்துறையை ஒழுங்குபடுத்திவந்த இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் அதே ஆவணங்களோடு செல்லலாம்.

கரண்ட் நின்றால் வெயில் இருந்தும் எங்கள் சோலார் நின்றுவிடுகிறது. ஏன்?

தெருவில் மின்சாரம் இல்லாதபோது உங்கள் இன்வேட்டர் மட்டும் தொடர்ந்து அனுப்பினால், அறுந்து விழுந்த கம்பியில் உயிர் இருக்கும். திருத்த வந்தவர் அது இறந்த கம்பி என்று நினைத்துக் கை வைப்பார். ஆகவே வெளி மின்சாரம் போனதை உணர்ந்து ஓரிரு நொடிகளுக்குள் நின்றுவிடும்படி இன்வேட்டர் அமைக்கப்பட்டிருக்கிறது. மின்தடையிலும் வீட்டுக்கு மின்சாரம் வேண்டுமானால், வீட்டை வெளி மின்வழியிலிருந்து முற்றாகப் பிரித்துவிட்டு மின்கலத்தோடு இயங்கும் கலப்பு இன்வேட்டர் தேவை.

மாரிக் காலத்தில் மின்சாரம் போனதும் சிறிய ஜெனரேற்றரை வெளியே எடுத்து, இரு முனையிலும் பிளக் வைத்த வயரால் சுவர்ச் சொக்கற்றில் செருகும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பிரதான சுவிட்சை நிறுத்த மறந்தால், அந்த 230 வோல்ற்று தெருக்கம்பி வழியாக நிலைமாற்றிக்குள் பின்னோக்கிப் புகுந்து, மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ற்றாக எழும்பும். அந்த நேரத்தில் மழைக்குள் 33,000 வோல்ற்றுத் தூணில் ஏறி நிற்பவர் ஒரு மின்சார ஊழியர். ஜெனரேற்றரையும் வெளி மின்சாரத்தையும் ஒருபோதும் ஒன்றாக இணைய விடாத மாற்றுச் சுவிட்சைப் பொருத்தாமல் அந்த வயரைத் தொடாதீர்கள்.